பச்சையாகத் தெரியும் தெரு

அன்புள்ள அம்முவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

குழாய்க்குத் தோண்டுவதால் மூடிய தெருவின் முனையில், வண்டிகளைத் திருப்பிவிடக் கொடியோடு நிற்கிறேன். போன் மேப்பில் மட்டும் அது இன்னும் திறந்தே, நெரிசலில்லாத பச்சை நிறத்தில் இருக்கிறது. மாற்ற மூன்று நாளாகுமாம். நேற்று ஒரு கார் தடுப்பைத் தள்ளிக்கொண்டு என் கால்வரை வந்துவிட்டது.

“மேப்பு நேராப் போகச் சொல்லுதே!” என்று கத்தினார் ஓட்டி வந்தவர்.

“அப்ப மேப்பையே குழியில எறங்கச் சொல்லுங்க சார்” என்றேன். அவரே சிரித்துவிட்டார். எனக்கு ஒன்றுமில்லை.

யாராவது இங்கே வந்தால் வலித் தைலம் கொடுத்தனுப்பு. இரண்டு பாட்டில்.

தினமும் போன் மேப்பில் என் தெருவைப் பார்த்துவிட்டு, “பச்சையா இருக்கு, நிம்மதி” என்பாயே, கார் இடித்தபோதும் அது பச்சைதான்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது. இன்றும் அதே முனைதான். மேப்பைப் பார்க்காதே அம்மு. மதியம் என்னைக் கூப்பிட்டுக் கேள்.