மூக்காயி போன மாநாடு

ஜனவரி 5, ஞாயிறு

மஹ்மூதா டீச்சர் இன்று இந்தக் கொப்பியைத் தந்தார். "இருளப்பன் ஐயா, இனிமே பாத்து எழுத வேணாம். மனசுல உள்ளத எழுதுங்க" என்றார்.

எழுபது வயதில் எனக்கு எழுத்து வந்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், பகலில் விட்டிருக்கும் குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு, அவர்களுடைய குட்டி நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை இது. கத்தியைவிடப் பேனா கனக்கிறது. இன்றைக்கு இவ்வளவு போதும். சந்தோஷம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலுக்குக் கோகிலா கைக்குழந்தையோடு கொழும்பிலிருந்து வந்தாள். கடலுக்கடியில் இருக்கும் எரிமலைகளை ஆராய்கிறவள் என் மகள். மார்ச்சில் கொழும்பில் அதற்கென்று உலக மாநாடு. ஏற்பாடு செய்கிறவர்களில் இவளும் ஒருத்தி. இங்கே கோயில் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். பானை பொங்கும்போதும் அவள் அங்கே நின்று, ஐஸ்லாந்துக்காரருக்கு அறை, ஜப்பான்காரருக்கு மரக்கறிச் சாப்பாடு என்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"தண்ணிக்குள்ள நெருப்பு எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டேன்.

"இருக்கும்ப்பா. மேல கப்பல்ல போறவனுக்குக்கூடத் தெரியாது."

வாசிக்கப் பழகினால் மாநாட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று போன வருசமே சொல்லியிருக்கிறாள். பழகிவிட்டேன். வெள்ளைச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

நான் போகவில்லை. மூக்காயி போகிறாள்.

மருமகன் கட்டாரில். மாநாடு நடக்கும் நாலு நாளும் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். கூட ஒருவருக்குத்தான் இடமாம். பேத்தி என் மீசையைக் கண்டாலே அலறுகிறாள். ஆகவே என் பெண்சாதி.

அவளுக்கு எழுத்தே தெரியாது, பெருவிரல்தான். வகுப்புக்கு வா என்று கூப்பிட்டபோது, "இனிமே படிச்சு தொரையாவா ஆகப்போறேன்" என்றவள்.

பெப்ரவரி 16, ஞாயிறு

சண்டை.

"எந்த ரூமுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" என்றேன்.

"வாய் இருக்குல்ல. சிங்களத்துல கேட்டா சொல்றாங்க."

"அங்க பேசுறது ஒன்னும் ஒனக்கு வெளங்காது."

"ஒங்களுக்கு மட்டும் வெளங்குமாக்கும். புள்ள தூக்க எழுத்து எதுக்கு? மீசைய எடுங்க, ஒங்களையே அனுப்புறேன்."

கண்ணாடியில் மீசையைப் பார்த்தேன். வெகு நேரம் பார்த்தேன்.

பெப்ரவரி 17, திங்கள்

எடுத்துவிட்டேன். லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் சிரிக்கின்றன.

பெப்ரவரி 18, செவ்வாய்

கோயில் மேட்டுக்குப் போய் வீடியோவில் பேத்திக்கு முகத்தைக் காட்டினேன். முன்னைவிட அதிகமாக அலறினாள்.

மார்ச் 16, ஞாயிறு

கஹவத்தையில் பஸ் ஏற்றிவிட்டேன். புதுச் சாறி, ஜன்னலோரம். போர்டில் கொழும்பு என்று எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னேன்.

"அதத்தான் கண்டக்டர் இவ்வளவு நேரமா கத்துறான்" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சதீஸ் தன் போனில் படம் காட்டினான். மூக்காயி இடுப்பில் பிள்ளை, கழுத்தில் நீல நாடாவில் ஓர் அட்டை. நெட்டையான ஒரு வெள்ளைக்காரரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். என்னோடு அப்படிச் சிரித்து எத்தனை காலம்.

"அத்த கலக்குறாங்க மாமா" என்றான்.

கோகிலா இன்றுதான் மேடையில் பேசினாளாம். அம்மா இல்லாவிட்டால் பேசியிருக்கவே முடியாதாம்.

தண்ணீருக்குள் நெருப்பு எப்படி என்று கேட்டேனே. இப்போது தெரிகிறது.

மார்ச் 19, புதன்

வெறும் ரொட்டி. சம்பல் அரைத்தேன், வாயில் வைக்க முடியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

வந்துவிட்டாள். கழுத்தில் அட்டையோடுதான் பஸ்ஸில் வந்திருக்கிறாள். லயத்துப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

"கோகிலாவுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் பேர் போட்டு மாட்டிவிட்டாங்க" என்றாள். பிள்ளை அழுதால் வெளியே, தூங்கினால் கடைசி வரிசை. பெரிய திரையில் பார்த்தாளாம். "கடலுக்கடியில நெருப்பு மலைப்பாம்பு மாதிரி ஊர்ந்து வருது. தண்ணி பட்டதும் தோல் கருத்து, அப்படியே கல்லாப் போகுது."

நான் வாசலில் நின்றேன். கேட்க ஆயிரம் இருந்தது.

எல்லாரும் போன பிறகு அட்டையைக் கழற்றி என் கையில் தந்தாள். அதுவரை யாரையும் தொட விடவில்லை. "நீங்க வாசிக்கணும்னுதான் வச்சிருந்தேன். என் பேரச் சரியாப் போட்டிருக்காங்களா?"

மூன்று மொழியில் இருந்தது. தமிழை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பார்வையாளர். மறுபுறம் திருப்பினேன். வெறுமை. அவள் பேர் எங்கும் இல்லை.

இத்தனை நாளும் இப்படி ஒன்றுக்குத்தானே காத்திருந்தேன்? வாயைத் திறந்தால் போதும்.

அவள் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூக்காயின்னு போட்டிருக்கு. சரியா இருக்கு" என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

அடுத்த வருசம் மாநாடு இந்தோனேசியாவிலாம். கோகிலா மறுபடி அம்மாவைத்தான் கேட்கிறாள். எரிகிறது. பாஸ்போட்டுக்குக் கையெழுத்து வேண்டும் என்றாளாம்.

காலையில் பார்த்தால், மூக்காயி என் பேனாவை வைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்து எழுதுகிறாள். 'பா' வந்துவிட்டது.

"அது அச்செழுத்து. கையெழுத்து வேற" என்று பேனாவை வாங்கி, மூக்காயி என்று எழுதிக் காட்டினேன்.

"அட்டையில நீளமா இருக்கு. இது குட்டையா இருக்கே?"

"அதுல அம்மான்னு சேத்திருக்காங்க. மரியாதைக்கு."

அட்டையை இன்னொரு முறை பார்த்தாள். "நாலு நாள் பாத்தவங்க குடுத்த மரியாத. இங்கயும் ஒருத்தர் இருக்காரு."

இல்லாத மரியாதைமேலும் எனக்குப் பொறாமை வந்தது.

மார்ச் 30, ஞாயிறு

மீசை முளைக்கிறது. அவளுக்கு ஒரே வாரத்தில் கை வந்துவிட்டது. என் பேரை எழுத எனக்கு இரண்டு மாதம் ஆனது. இந்த வேகத்தில் போனால் அட்டையை அவளே வாசித்துவிடுவாள். அதற்குள் அட்டையையும் கொப்பியையும் எங்கே ஒளிப்பது?

மரியாதையையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்கிறாள். அதையும் சொல்லிக்கொடுத்தேன். கீழே இருப்பது என் எழுத்து இல்லை.

மூக்காயி அம்மா