வேறொருத்தி சொன்ன உன் சாட்சி

சோல்விக், நார்வே
16 மார்ச் 1963

என் அன்பு மகன் எய்லர்ட்டுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மான்ட்ரியலில் சுகமாக இருக்கிறாய் என்பதைப் புதன்கிழமை ஜெபவீட்டில் முப்பது பேரோடு சேர்ந்து நானும் தெரிந்துகொண்டேன். பெற்றவளுக்கு வர வேண்டிய செய்தி பக்கத்து வீட்டு கூட்வெய்க் வாய்வழியாக வந்தது. அவள் உனக்கு ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள்தான், அதை நான் மறுக்கவில்லை.

காப்பி ஊற்றி முடித்துவிட்டு வழக்கம்போல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்திருக்கலாம் என்று அன்ஃபின் சொன்னதுதான் தாமதம், கூட்வெய்க் எழுந்துவிட்டாள். கூட்டம் நடத்துகிறவர் அவர், ஆனால் நேரமெல்லாம் அவளுடையது. அவளுக்குத்தான் வாரம் ஒரு அற்புதம் நடக்குமே! போன வாரம் தொலைந்த ஆடு கிடைத்தது, அதற்கு முந்தின வாரம் மூட்டுவலி போனது. இந்த வாரம் என்ன என்று பார்த்தால் கைப்பையிலிருந்து உன் கடிதத்தை எடுக்கிறாள். உனக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்ததாம், இரண்டு கண்ணையும் கட்டிப் பதினோரு நாள் படுக்கப் போட்டிருந்தார்களாம், பயத்தில் ஜெபம் வரவில்லையாம், அவள் சொல்லிக்கொடுத்த பாட்டு மட்டும் வந்ததாம், அதைப் பாடப் பாட பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்ததாம். "எம் புள்ள எய்லர்ட்" என்றாள். எம் புள்ளையாம்! என் மகன் கண் தெரியாமல் கிடந்திருக்கிறான் என்று அழ வேண்டிய நேரத்தில் எனக்குப் பொறாமைதான் முதலில் வந்தது, அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

கடிதத்தை மடித்துவிட்டு, "வலது கண்ணுலதான் பண்ணியிருக்காங்க, பாவம்" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். ஒன்பது வயதில் உனக்குத் தூண்டில் முள் குத்தியது இடது கண் ஓரத்தில், இப்போது பழுதானதும் அதுவாகத்தான் இருக்கும். ரத்தத்தைத் துடைத்தவள் நான், அவளுக்கு என்ன தெரியும்? பட்டென்று எழுந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக வாய் திறக்காதவள் ஜெபவீட்டில் எழுந்து நின்றால் கர்த்தர் அவளைத் தொட்டுவிட்டார் என்ற ஒரே அர்த்தம்தான் என்பது எழுந்த பிறகுதான் உறைத்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. அன்ஃபின் கண் கலங்கி, "சொல்லுங்க சிக்னே சகோதரி, இத்தனை வருஷமா உங்களுக்காகத்தானே காத்துக்கிட்டிருந்தோம்" என்றார். "வலது இல்ல, இடது கண்ணு" என்றேன். அதோடு உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஸ்தோத்திரம் என்றார், எல்லோரும் எழுந்து பாடினார்கள், கூட்வெய்க் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் மூன்று வீட்டிலிருந்து கேக் வந்தது, சிக்னே மனந்திரும்பிவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா சிரித்துச் சிரித்து இருமுகிறார். "கண்ணைத் திருத்தப் போனவளை ஊரே சேர்ந்து திருத்திடுச்சுடி" என்கிறார். வருகிற புதன்கிழமை முழுச் சாட்சியும் சொல்ல வேண்டும் என்று அன்ஃபின் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார்.

என்ன சொல்வேன், எய்லர்ட்? என்னிடம் இருப்பது கூட்வெய்க் வாசித்த கடிதத்தில் எனக்குக் காதில் விழுந்தது மட்டும்தானே. நீ ஏன் அவளுக்கு எழுதினாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீ கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம், நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்து, "அம்மா, எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது" என்றாய். ஏன்டா, என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. "மெதுவா பேசு, கூட்வெய்க் காதுல விழுந்துடப் போவுது" என்றேன். நீ எழுந்து போய்விட்டாய். மூன்று வருடமாக எனக்குப் பனியைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும்தான் எழுதுகிறாய். கதவை நானே சாத்திவிட்டு, அவள் வாசலில் போய் நிற்கிறாயே என்று எரிகிறேன்.

அந்தப் பதினோரு நாளையும் எனக்கு எழுது. பயந்ததையும் எழுது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று உனக்கே தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுது, இன்னும் ஜெபம் வரவில்லை என்றால் அதையும் எழுது. வலது கண்தான் என்றால் வலது என்றே எழுது, தாங்கிக்கொள்வேன். புதன்கிழமை காப்பி மட்டும் ஊற்றுகிறேன் என்று அன்ஃபினிடம் சொல்லியாயிற்று. நீ எழுதுவதை நான் எழுந்து நின்று யாருக்கும் சொல்லமாட்டேன், அப்பாவுக்குக்கூட வாசித்துக் காட்டமாட்டேன்.

மங்கிய விளக்கில் படிக்காதே, காற்றில் வெறுந்தலையோடு போகாதே. கூட்வெய்க்குக்குக் கிறிஸ்துமஸ் அட்டை ஒன்று போதும். கர்த்தர் உன் இரண்டு கண்களையும் காத்து, உன்னைத் தம் சிறகின் கீழ் வைத்துக்கொள்ளட்டும்.

பாட்டு ஒன்றும் சொல்லிக்கொடுக்காத
உன் அம்மா,
சிக்னே