கவிதாவின் கதிரையில் இரண்டு நிமிடம்

டீச்சர்,

இன்று காலை கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மா நெற்றியில் தைலம் தேய்த்தார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விவாத வகுப்புக்கு முன்னால் நீங்களும் இப்படித்தான் தேய்த்துக்கொள்வீர்கள். "தலையிடி டீச்சருக்கு இல்லை, நமக்குத்தான் வரப்போகுது" என்று ஆசிரியர் அறையில் நான் கிளப்பிவிட்டது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகியும் பயம் போகவில்லை, பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்குக் கணினியே வேண்டாம் என்றவர் நீங்கள். உட்கார இரண்டு கதிரை போதும். இயந்திரத்தை நம்பலாம் என்று ஒருவர், கூடாது என்று மற்றவர். சூடு பிடிக்கும் நேரம் பார்த்து மேசையைத் தட்டி, "கதிரை மாறுங்கோ" என்பீர்கள். அதுவரை ஏசியதை இனித் தாங்கிப் பேச வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் கண்டிப் பிள்ளைகளைப் படுத்துகிறார் என்று அதையும் பரப்பியது நான்தான்.

பிறகு என் கெட்டிக்காரத்தனம். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த கவிதா, இயந்திரத்தை நம்புவது பற்றி எழுதிய கட்டுரை மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தது. தமிழ் அவ்வளவு சுத்தம். எனக்குச் சந்தேகம். கட்டுரையை அந்த இயந்திரத்திடமே கொடுத்து, "இதை நீயா எழுதினாய்?" என்று கேட்டேன். "ஆம், பெரும்பாலும்" என்றது. கள்ளனைப் பிடித்த பொலிஸ்காரன் மாதிரி அதிபரிடம் ஓடினேன். அவள் பெயரை வெட்டி, தகப்பனுக்குக் கடிதம் போடுவதாக முடிவு. மாலைக்குள் நான் கையெழுத்து வைக்க வேண்டும்.

"நான்தாங்க சேர் எழுதினேன். கடிதம் வந்தா அப்பா என்னைய படிப்ப நிப்பாட்டிக் கூட்டிப் போயிருவாரு" என்றாள் கவிதா. அழவில்லை.

நீங்கள் குறுக்கே வந்தீர்கள். "கையெழுத்துக்கு முதல் என்ர வகுப்புக்கு வாங்கோ சேர். ரெண்டு பேரும் பேசுங்கோ."

வந்தேன். குற்றச்சாட்டைப் பகிடியோடு சொன்னேன், பிள்ளைகள் சிரித்தார்கள். கவிதா மறுத்தாள். நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். "கதிரை மாறுங்கோ."

என் கதிரையில் உட்கார்ந்தவள், நான் செய்வதைப் போலவே, தன் மூக்கில் இல்லாத கண்ணாடியை ஏற்றிவிட்டாள். வகுப்பு கொல்லென்றது. "இயந்திரம் எழுதினதுன்னு இயந்திரமே சொல்லிருச்சு. வேற என்ன சாட்சி வேணும்? தோட்டத்துப் புள்ளைக்கு இப்படி எழுத வராதுன்னு நான் வாயால சொல்லல. நெனச்சேன், அவ்வளவுதான்."

சிரிப்பு நின்றது. நானே ஹுன்னஸ்கிரியத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு நான் சொன்னதில்லை.

"உங்கட முறை சேர். ரெண்டு நிமிஷம்."

அவளுக்காக நான் வாதாட வேண்டும். கட்டுரையைப் புரட்டினேன். 'தமிழ் நல்ல தமிழ்' என்று அதையே மூன்று தரம் சொன்னேன்.

"முழுக்க வாசிச்சனீங்களோ?"

"முதல் பக்கம்..."

"கடைசிப் பக்கத்தைச் சத்தமா வாசியுங்கோ."

வாசித்தேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் பாடிக்கொண்டே பறிப்பார்கள் என்று இயந்திரம் அவளுக்குச் சொல்லியிருக்கிறது. 'என் அம்மா பாடுவதில்லை. காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்து, அதன் பரம்பரையையே ஏசுவார். என் அம்மாவைத் தெரியாத ஒன்றை எதுவரைக்கும் நம்புவது?' என்று எழுதியிருந்தாள். என் அம்மாவும் ஏசியவர்தான்.

"வாசிக்காமக் குற்றம் சொல்லிட்டேன். மன்னிச்சிரு புள்ள" என்றேன்.

நீங்கள் விடவில்லை. "அவ்வளவுதானோ சேர்?"

"அவ்வளவுதான் டீச்சர்."

அதிபரிடம் போய் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டேன். கடிதம் போகவில்லை, பெயரும் வெட்டுப்படவில்லை. நீங்களும் 'அவ்வளவுதானோ' என்று மறுபடி கேட்கவில்லை. கேட்காமலே போய்விட்டீர்கள்.

கவிதா இப்போது உயர்தரத்தில், என் வகுப்பில் மூன்றாம் வரிசை. என் பகிடிக்கு எல்லோரும் சிரிக்கும்போது அவள் குனிந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பாள். குறிப்பெடுக்க அங்கே ஒன்றும் இருக்காது.

அவ்வளவுதான் இல்லை, டீச்சர். தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத வராது என்று என் கதிரையிலிருந்து அவள் சொன்னாளே, அதைத்தான் நான் நினைத்தேன். நீங்கள் இனித் திருப்பிக் கேட்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில் உங்களுக்கு எழுதிவிட்டேன். அவளிடம் சொன்னால் அவள் திருப்பிக் கேட்பாள். நாளை முதல் பாடமே அவளுடைய வகுப்பு.