மூன்றாவது வளைவில் டயர்கள்

திருவேற்காடு
3.2.2025

அன்புள்ள பரந்தாமன் அண்ணனுக்கு,

விஜி எழுதுகிறேன். அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே. நீங்கள் போன் எடுப்பதில்லை, கிளப் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டீர்கள். அதனால்தான் தபால். என் தம்பி பாண்டியனின் காரியத்தன்று தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனீர்களாம், பக்கத்து வீட்டு வனஜா சொன்னாள். உள்ளே வந்திருக்கலாம் அண்ணா.

எட்டு வருடமாக ஞாயிறுதோறும் அம்பத்தூர் மோட்டார் பந்தய கிளப் ஹாலில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்த்துச் சண்டை போட்டவர்கள் நாம். ஓடுபாதையை ஒட்டிச் சுவர் இருந்தால்தான் ஓட்டுகிறவன் யோசித்து ஓட்டுவான் என்பீர்கள். தப்பு செய்தவன் எழுந்து நடந்து வர இடம் விட வேண்டும் என்பேன் நான். பாண்டியன் எப்போதும் உங்கள் கட்சி.

அவன் விபத்தை விசாரிக்கும் கிளப் குழுவின் மூவரில் ஒருவர் நீங்கள் என்று கேள்விப்பட்டதும் கொஞ்சம் நிம்மதி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை பாண்டியனின் பைக் பயிற்சியைப் பார்க்க நான் டிராக்குக்கு வந்தபோது, மோதினால் தாங்குவதற்காக மூன்றாவது வளைவுச் சுவருக்கு முன்னால் டயர்களை அடுக்கியிருந்தார்கள். நான் பயந்ததைப் பார்த்து, "இன்னாக்கா, அதான் டயர் வச்சிகீறாங்களே" என்று சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் அவன் பைக் சறுக்கிச் சுவரில் மோதியபோது அங்கே டயர் இருந்ததா?

உங்கள் தங்கை,
விஜி


சென்னீர்குப்பம்
10.2.2025

அன்புத் தங்கை விஜிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மா சாப்பிடுகிறார்களா? நீ ஆவடி லேபுக்கு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாயா? வீட்டிலேயே அடைந்து கிடக்காதே.

அறிக்கை வரும்வரை குழுவில் இருப்பவன் எதுவும் சொல்லக் கூடாது. நீ விவரம் தெரிந்தவள், புரிந்துகொள்வாய். அவன் அந்த வளைவுக்குக் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தான் விஜி. அதை மட்டும் சொல்கிறேன்.

அன்புடன்,
பரந்தாமன்


திருவேற்காடு
1.3.2025

பரந்தாமன் அண்ணனுக்கு,

அறிக்கை வந்தது. ஒன்றரைப் பக்கம். "ஓட்டியவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்." டயர் என்ற சொல்லே இல்லை. இரண்டாவது கையெழுத்து உங்களுடையது.

அம்மா என்னை வாசிக்கச் சொன்னாள். முடித்ததும், "அப்போ எம் புள்ள தான் தப்பு பண்ணிகீறானா?" என்று கேட்டாள்.

2021 ஃபார்முலா ஒன் கடைசிப் பந்தயத்தின் முடிவு சர்ச்சையானபோது என்ன கத்து கத்தினீர்கள். பந்தயத்தை நடத்தியவர்களே தங்களை விசாரித்துக்கொண்டால் யார் நம்புவது, எந்தத் தீர்ப்பானாலும் காரணத்தை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதி வெளியிட வேண்டாமா என்று நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டீர்கள். அன்று நான் உங்களோடு ஒத்துப்போனேன். ஊர் பேர் தெரியாதவர்களுக்காக அவ்வளவு கோபப்பட்டவர், உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த பையனுக்காக ஒரு வரி எழுதக் கூடாதா?

விஜி


சென்னீர்குப்பம்
19.3.2025

விஜிக்கு,

டயர் இல்லை. வெறும் சுவர்தான் இருந்தது.

உனக்குத் தெரியும், டிராக்கில் தடுப்பு எங்கே எவ்வளவு என்று வரைபடம் போடுவது நான்தான். சனிக்கிழமை மதியம் கார் பந்தயத்துக்காக ஐந்தாவது வளைவில் டயர் போதவில்லை. மூன்றாவதிலிருந்து எடுக்கச் சொன்னேன். தடுப்பு வேலை பார்க்கும் ஜீவா அப்போதே சொன்னான்: "அண்ணாத்தே, நாளைக்கு பசங்க பைக்ல வருவானுங்க. செவுத்த சும்மா வுடாத." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சுவர் கண்ணுக்குத் தெரிஞ்சா கவனமா வருவாங்கடா." ஹாலில் உன்னிடம் வாதாடுவதைப் போலவே சொன்னேன்.

பாண்டியன் வேகமாக வரவில்லை விஜி. முன்னால் போன பைக்கின் எண்ணெய் பாதையில் சிந்தியிருந்தது. யாராக இருந்தாலும் சறுக்கியிருப்பார்கள். டயர் இருந்திருந்தால் கை கால் உடைந்தாலும் பிழைத்திருப்பான். அவன் மீது பழி போட்டு எழுதிய தாளில், நான் செய்ததை மறைக்கத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று கிளப்பிலிருந்து விலகினேன். ஜீவாவையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். நகல் இத்துடன் இருக்கிறது. வழக்கு வரும் என்றார் இன்ஸ்பெக்டர். வரட்டும்.

அம்மாவை ஒரு முறை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். வரலாமா?

பரந்தாமன்


திருவேற்காடு
6.4.2025

திரு. பரந்தாமன் அவர்களுக்கு,

கடிதமும் நகலும் கிடைத்தன. இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து எங்கள் வாக்குமூலமும் வாங்கிப் போனார். பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கிளப்பும் எழுதியிருக்கிறது. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அதை நான் மறுக்கவில்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாக வாசித்தேன். ஜீவா சொன்ன இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு பாண்டியனின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். கடைசியில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எம் புள்ள மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டாரு. அது போதும். ஊட்டுக்கு மட்டும் வர வேணாம்னு எழுதிடு."

எனக்கும் அதுதான்.

இப்படிக்கு,
விஜி
பாண்டியனின் அக்கா