தண்ணி என்ற ஒரு சொல்

ஜூன் 12, வியாழன்

விடியும் முன்பே மழை. குடைக்கம்பி ஒடிந்துவிட்டது. புதிது வாங்க வேண்டும். அம்மாவின் கண் மருந்தும்.

கிட்னி கிளினிக். வாங்கில் உட்கார இடமில்லை, வாசல் வரை ஆட்கள். டொக்டர் சிங்களத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும், பிறகு வகுப்பும் எடுக்க வேண்டும். வகுப்பு என்று பெயர்தான். மேசைமேல் உப்புப் போத்தல், ஒரு துண்டு கருவாடு, ஒரு கோப்பை. தாதி வேலைக்குப் படித்தபோது இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

மாரியாயி அக்கா, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். கணுக்காலை அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. டொக்டர் நீரைக் குறைக்கச் சொன்னார், நெஞ்சில் தேங்கினால் ஆபத்து என்றார். நான் எல்லோருக்கும் கேட்க:

"அக்கா, இனிமே தண்ணியக் கொறைச்சுக்கணும். எவ்வளவு குடிக்கிறீங்கன்னு காலப் பாத்தாலே தெரியுது. ஒளிச்சு குடிச்சாலும் ஒடம்பு காட்டிக் குடுத்துரும்."

பின்வாங்கில் சிரிப்பு. என் பேச்சு எடுபடுகிறது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. அக்கா மருந்து வாங்காமல், அடுத்த தேதி போடாமல் போய்விட்டார்.

கோபம் வந்தது. நாம் தொண்டை கிழியக் கத்துகிறோம், இவர்களுக்கு பஸ்ஸைப் பிடிக்கும் கவலை.

ஜூன் 16, திங்கள்

மழை விடவில்லை. வார்டில் ஆள் குறைவு. எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது.

மாரியாயி அக்காவின் மகன் மருந்து வாங்க வந்தான். கினிகத்தேனையில் கடையொன்றில் வேலை. வாங்கிய பிறகும் போகாமல் நின்றான்.

"மிஸி, அம்மா குடிக்கிறது எங்களுக்கே தெரியாதுங்க."

"என்ன குடிக்கிறது?"

"நீங்கதானே கிளினிக்ல சொன்னீங்களாம். லயமே பேசுது. அரிசி வாளி, வெறகு அடுக்கு எல்லாம் தேடிட்டேன். போத்தல் ஒண்ணும் இல்ல. எங்க வச்சுக்கிறாங்கன்னு தெரியலங்க."

தண்ணி! நானும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள்தான். சம்பள நாளில் "அப்பா தண்ணியில இருக்காரு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். வெள்ளை உடுப்புப் போட்டதும் அந்த அர்த்தம் மட்டும் எப்படி மறந்து போனது?

விளக்கினேன். நான் சொன்னது தேத்தண்ணி, கஞ்சி, ரசம், குழாய்த் தண்ணி. தலையாட்டினான்.

"அம்மாவக் காட்டிக் குடுக்காம இருக்கப் பாக்குறீங்க. புரியுதுங்க."

நம்பவே இல்லை. இவனுடைய அப்பா கசிப்புக் குடித்தே செத்தவர். கசிப்பு விற்ற கொட்டிலை உடைக்கப் பெண்களைத் திரட்டிப் போனவரே மாரியாயி அக்காதான். இதையும் இவன்தான் சொன்னான், தலையைக் குனிந்தபடி.

போன் போட்டுப் பார்த்தேன். அக்கா எடுக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

துணி துவைக்கவில்லை, சமைக்கவில்லை. காலை பஸ்ஸில் நோட்டன், பிறகு நடை. காலில் அட்டை.

அக்கா லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். வீக்கம் முழங்கால் வரை ஏறிவிட்டது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது. மருந்துப் பை பிரிக்காமல் ஆணியில் தொங்குகிறது.

"குடிகாரிக்கு எதுக்குங்க மருந்து?"

பக்கத்து வீட்டு சரசு பெரிய செம்போடு வந்தாள். நிறையக் குடித்தால் கிட்னி கழுவிக்கொள்ளுமாம், யாரோ சொன்னார்களாம். செம்பை வாங்கிக் கீழே வைத்தேன். கழுவி வெளியே தள்ளத்தான் இந்தக் கிட்னிக்கு இப்போது பலம் இல்லை, உள்ளே போவது காலுக்கும் நெஞ்சுக்கும்தான் போகும் என்றேன். அக்கா கவனமாகக் கேட்டார். அந்தத் தைரியத்தில்:

"என் மேலதான் தப்புங்க அக்கா. நான் சொன்னது வந்து, நீங்க குடிக்கிற தண்ணி..."

சரசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுபடி அதே சொல். நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

அக்கா சிரிக்கவில்லை. "இங்க வந்து சொன்னா யாருக்குங்க கேக்கும்? அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் சொன்னீங்க. அங்கயே சொல்லுங்க, வர்றேன். அது வரைக்கும் மாத்திரையத் தொட மாட்டேன்."

இன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். மகனும் கெஞ்சினான். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"வீட்டுல போத்தல் தேடுனவன்கூட எனக்கு என்ன பேச்சு?"

திரும்பும் வழியெல்லாம் பயம். அடுத்த கிளினிக் வியாழன்தான், அது வரை தாங்க வேண்டும். முருகா.

ஜூன் 24, செவ்வாய்

கொஞ்சம் வெயில். குடை வாங்கினேன், இனி மழை பெய்யாது.

வகுப்புக்கு வேறு சொல் தேடினேன். நீர்: யார் வாயிலும் வராது. நீராகாரம்: பழைய சோற்றுத் தண்ணீர் என்பார்கள். பானம்: கோயில் மைக்கில் பேசுவது போல. ஒரே சொல்லில் முடியாது. தேத்தண்ணி, கஞ்சி, ரசம், சூப் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மகனுக்குப் போன். அம்மாவால் படுக்க முடியவில்லையாம், உட்கார்ந்தே தூங்குகிறாராம். த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு உடனே வா என்றேன்.

"தூக்கிட்டு வந்தா சாப்பிட மாட்டேன்னு சொல்றாங்க மிஸி. வியாழக்கிழமைதானாம்."

தோட்டத்து மிட்வைஃபைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவரையும் அக்கா திருப்பி அனுப்பிவிட்டார்.

ஜூன் 26, வியாழன்

வந்தார். மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, உதடு நீலம் பாரித்து. டொக்டரைக் கூப்பிட்டு ஒட்சிசன் வைத்தோம். இரத்தம் எடுத்தோம். அக்கா முகமூடியை விலக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்குகளைப் பார்த்துச் சொன்னேன். "போன தடவ இந்த அக்காவத் தண்ணியக் கொறைக்கச் சொன்னேன். தேத்தண்ணியத்தான் சொன்னேன், சாராயத்த இல்ல. இவங்க அந்தக் கருமத்தக் கையால தொட்டதில்ல. தப்பாப் பேசுனது நான். சிரிச்சது நீங்க."

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒருவர் மெல்ல எழுந்தார்.

"அப்ப எனக்கும் தேத்தண்ணியத்தான் சொன்னீங்களா மிஸி? நான் சாராயத்த விட்டுட்டு, அந்த ஆசைக்கு நாள் பூரா சாயத் தண்ணியா, வெறுந் தேத்தண்ணியா குடிச்சுக்கிட்டு இருக்கேன்."

இவர் கால்களை நான் ஏன் பார்க்கவில்லை? இன்னும் எத்தனை பேரோ.

அக்கா முகமூடியைத் தானே போட்டுக்கொண்டார். மாத்திரையும் விழுங்கினார். மகன் "அம்மா" என்றான். கையை நீட்டினார். அவன் அழுதான், எனக்கும் தாங்கவில்லை.

பிறகு இரத்த ரிப்போர்ட். டொக்டர் சிங்களத்தில், என் முகத்தைப் பார்க்காமல்: உடனே கண்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கிட்னி இனித் தேறாது போலிருக்கிறது, ஆயுளுக்கும் மெஷின்தான். அவங்களுக்குச் சொல்லுங்க மிஸி, என்றார்.

வாங்குகளில் உள்ள எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். எந்தச் சொல்லில் தொடங்குவது?

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இத எல்லாரு முன்னாலயும் சொல்ல வேணாம். என் காதுல சொல்லுங்க."

குனிந்தேன்.