கலயம் உட்காரும் குழி

மதினி,

இன்று காலை நம் தெருமுனையில் லைட் கம்பம் நடக் குழி தோண்டினார்கள். கடப்பாரையில் அப்பிக்கொண்டு வந்த ஈரக் கரிசல் மண்ணின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோண்டுகிற ஆள் ஒரு மாதிரியாகப் பார்த்தான். குழியைப் பார்த்துச் சிரிக்கிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேராக இருந்திருப்போம்.

எழுபத்தெட்டாம் வருஷமோ எழுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. என் மகள் கோமதிக்கு மூன்று வயது முடிந்திருந்தது. கழுத்து நிற்காது, இடுப்பு நிற்காது. உட்காரவைத்தால் ஈரத்துணி போலச் சரிந்துவிடுவாள். படுக்கவைத்துத்தான் ஊட்டுவேன். கூழ் புரையேறிக் கண் செருகிவிடும். நெஞ்சில் சளி கட்டிப் பெரியாஸ்பத்திரியில் கிடந்து திரும்பியிருந்தோம். "நிமித்தி வச்சு ஊட்டும்மா. இன்னொரு தடவ நெஞ்சுக்குள்ள போச்சுன்னா பிள்ள தாங்காது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலையைப் பிடிக்க ஒரு கை, இடுப்பைப் பிடிக்க ஒரு கை. ஊட்டுவதற்கு மூன்றாவது கைக்கு நான் எங்கே போவேன்?

அன்று பருத்திக்காட்டில் களையெடுப்பு. உடைமர நிழலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் கூழ்க் கலயத்தைத் தலையிலிருந்து இறக்கினீர்கள். எல்லோரும் செய்வதுபோல மண்ணைப் பறித்துப் பள்ளமாக்கி, அடி உருண்ட கலயம் சாயாதபடி அதில் வைத்தீர்கள். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஏட்டி, கலயத்துக்கு மட்டும் இடுப்பா இருக்கு? அது உக்காரல?"

"என்ன மதினி சொல்லுதீங்க?"

களைவெட்டியால் தோண்ட ஆரம்பித்துவிட்டீர்கள். அண்ணன் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்றேன்.

"ஒங்க அண்ணன் வந்து என்னத்தச் சொல்லிருவாவ? தூக்கு பிள்ளைய!"

குழிக்குள் சேலைத்துணியை விரித்து, அக்குள் ஆழத்துக்குக் கோமதியை இறக்கினோம். தலை கொஞ்சம் ஆடியது. பிறகு நின்றது. நின்றேவிட்டது, மதினி! அதுவரை கூரையையும் வானத்தையும் மட்டுமே பார்த்துக் கிடந்த பிள்ளை பருத்திச்செடியை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காட்டுப் பெரியம்மை எங்களைக் கண்டுவிட்டாள். கரிசல் காட்டில் ஒரு குழி, குழிக்கு மேலே பிள்ளையின் தலை மட்டும். அவள் வேறு என்ன நினைப்பாள்?

"ஐயையோ, பிள்ளைய உசுரோட புதைக்காளுவளே! ஓடியாங்க!"

களைவெட்டியும் கையுமாகக் காடே ஓடிவந்தது. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு வாய் கூழ் ஊட்டினீர்கள். புரையேறவில்லை. இன்னொரு வாய். அதுவும் நேராக இறங்கியது. "கத்தாதீய, பிள்ள சாப்பிடுதுல்லா" என்றீர்கள். வந்த கூட்டம் குழியைச் சுற்றிக் குனிந்து பார்த்தது. கோமதி சும்மாவா இருந்தாள்? கலயத்துக்குள் கையை விட்டு அளைந்து, ஒரு கை கூழை உங்கள் மூக்கில் அப்பினாள். பெரியம்மைதான் முதலில் சிரித்தாள்.

வீட்டுக்குள்ளும் குழி தோண்டத்தான் போனீர்கள். அண்ணன் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார். நீங்கள் அசரவில்லை. அடுப்படியில் பானை சாயாமலிருக்க வைக்கோல் பிரியைச் சுற்றிப் போட்டிருக்கும் பிரிமணையைத் தூக்கிவந்து அவர் முன்னால் போட்டீர்கள். "அப்ப இதுல பெருசா ஒண்ணு கொண்டாங்க."

மறுநாள் அண்ணன் கோவில்பட்டி லாரி செட்டிலிருந்து தேய்ந்த டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அதைச் சுவர் மூலையில் போட்டு, நடுப்பள்ளத்தில் பருத்திக்கொட்டைச் சாக்கை வைத்துப் பிள்ளையை உட்காரவைத்தோம். வழுக்கிக்கொண்டு உள்ளே போனவளுக்குக் காலும் கண்ணும்தான் வெளியே தெரிந்தன. நாம் சிரிக்க, அவளும் சிரித்தாள். பழைய சேலையைச் சுருட்டித் தொடைகளுக்கு நடுவே வைத்த பிறகு வழுக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டவில்லை. ஆஸ்பத்திரிப் பையைப் பரணில் தூக்கிப் போட்டேன்.

கோமதிக்கு இப்போது நரை தட்டிவிட்டது. சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு என்னை அதட்டுவதுதான் அவளுக்கு முழுநேர வேலை. எனக்கோ உங்கள் அவசரம் ஒட்டிக்கொண்டது. போன மாதம் குளத்தூர்ப் பக்கமிருந்து ஒருத்தி நம் டயரைப் பற்றிக் கேள்விப்பட்டுத் துவண்ட பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நல்லநாள் பார்த்து வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யலாமா என்றாள். அவள் பேசி முடிப்பதற்குள் டயரை மூலைக்கு உருட்டிவிட்டேன். பையன் உட்கார்ந்தான். கழுத்தை மெல்லத் திருப்பி அம்மாவின் முகத்தைத் தேடினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மதினி, இங்கன வந்து பாருங்களேன்!" என்று வாசலைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன்.

வாசலில் வெயில்தான் இருந்தது. நீங்கள் இல்லாதது அப்போதுதான் உறைத்தது. ஆனால் பையன் வாயைத் திறந்துவிட்டான். உட்கார்ந்து அழ நேரமில்லாமல் ஊட்டத் தொடங்கினேன்.