தாலி கட்டும்போது நின்ற கேமரா

28 ஆகஸ்ட்
பசுவந்தனைக் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் வீடியோ தானாக நின்றது. மெமரி கார்டு வேகம் போதவில்லையாம், திரையில் வருகிறது. மறுபடி அழுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளையை இன்னொரு தரம் கட்டச் சொல்லவா முடியும்?

29 ஆகஸ்ட்
ஸ்டூடியோ முதலாளி மாயகிருஷ்ணன் அண்ணாச்சி எல்லார் முன்னாலும் சொன்னார்: "பொம்பளப் பிள்ளைட்ட வீடியோவக் குடுத்தேம்லா, என்னயச் சொல்லணும். சந்தனமாரி, இனி நீ லைட்டு பிடி, போதும்."

பிடிக்க மாட்டேன். கார்டு புதுசு, பாதி காலி. பிறகு ஏன் நின்றது? கண்டுபிடிக்காமல் விடுவேனா!

31 ஆகஸ்ட்
பிடிபட்டது! கல்யாண வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தம் யாராவது படத்தில் விழுந்தால், உடனே ஒருவர் ஓடி வருவார். "அத அழிச்சிரும்மா." கண் முன்னாலேயே அழித்துக் காட்ட வேண்டும். இப்படி நடுநடுவே அழித்ததில், அந்தப் பாதிக் காலியிடமும் கார்டு முழுக்கச் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கிறது. நீளமான வீடியோவைத் துண்டுதுண்டாக்கி அதில்தான் திணிக்கிறது - குடும்பத்தோடு பஸ் ஏறினால் ஆளுக்கொரு மூலையில் இடம் கிடைக்குமே, அப்படி. வேகம் போய்விடுகிறது.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கார்டை ஃபார்மட் செய்து நீளமான வீடியோ ஓட்டினேன். நிற்கவில்லை. கார்டை நிரப்பி, நடுநடுவே அழித்து ஓட்டினேன். நின்றது. அண்ணாச்சியை உட்காரவைத்துக் காட்டினேன்.

"சரி, ஓட்டப்பிடாரம் கல்யாணத்த நீயே எடு. அங்கயும் நின்னா இங்கன வராத."

4 செப்டம்பர்
ஓட்டப்பிடாரம். பெண்ணின் அண்ணன் வேறு சாதியில் கட்டியவன். அழைப்பில்லாமல் வந்து, மண்டப வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். பெண்ணின் சித்தப்பா பெருமாள்சாமி என்னிடம் வந்தார்.

"அவன் நிக்கத எடுத்தியோ? அழி."

"மாட்டேன். அழிச்சா தாலி கட்டும்போது கேமரா நின்னுரும்."

"யாருட்ட கத விடுத? ஒங்க அண்ணாச்சிக்குப் போன் போடவா?"

"போடுங்க. அவியட்டயும் இதத்தான் சொல்லுவேன்."

முகூர்த்தத்துக்குக் கூப்பிட்டார்கள்; அவர் மேடைக்கு ஓடினார், நானும் கேமராவோடு ஓடினேன். தாலி கட்டு முழுசாகப் பதிவானது!

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி வந்தார். இப்போது அழித்தால் கேமராவுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கும் தெரியும். ஆனாலும் மாட்டேன் என்றேன். "நின்னு பாத்துட்டுப் போறதுக்குக்கூடவா ஒருத்தனுக்கு உரிமை இல்ல?"

7 செப்டம்பர்
புகார் வந்ததாம். அண்ணாச்சி முறைத்தார். ஆனாலும் குளத்தூர்க் கல்யாணத்துக்கும் என்னையே போகச் சொன்னார்.

சாயங்காலம் ஓட்டப்பிடாரத்துக் கல்யாணப் பெண் பூங்கொடி போன் செய்தாள். "அக்கா, எங்க அண்ணன் வந்தானாமே. நான் பாக்கவேயில்ல. எடுத்தீங்களா?"

அனுப்பினேன். பதிலுக்கு ஒரு வரி வந்தது. 'அண்ணன் மெலிஞ்சிட்டான்க்கா.'